எழுதாத பத்தி

இரவு பத்தேகாலுக்குத் தொலைபேசி அடிக்கும்.
ரைன்ஹில்ட மான்ஹவுட்.
கெண்ட் நகரத்தில், அச்சுக்கூடத்துக்கு மேல்மாடியில்,
விளையாட்டுப் பக்கத்தின் உதவி ஆசிரியன் நான்.
மின்னஞ்சல் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.
அவள் இன்னும் வாயால்தான் சொல்வாள், நான் அடிப்பேன்.
காற்புள்ளியையும் சொல்வாள்.
முற்றுப்புள்ளி என்பதை மட்டும்
தீர்ப்பின் கடைசி வரி மாதிரிச் சொல்வாள்.

பதினோரு வருடம் வக்கீல்.
வேலித் தகராறு, விவாகரத்து,
பன்றிப்பண்ணை நாற்றத்துக்கு நஷ்டஈடு.
வாய்தா வாங்கியே ஆயுள் போய்விடும் என்று பயந்தேன்,
அதனால் விட்டேன் என்பாள் பேட்டிகளில்.
பேட்டி எடுப்பவர்கள் சிரிப்பார்கள்.
மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை.

கறுப்பு அங்கியைக் கழற்றிப்போட்டு
மழைக்கோட்டோடு சைக்கிள் பந்தயங்களின் பின்னால் போனாள்.
பத்திரிகைக்காரர்களின் காரில் இடமில்லை என்றார்கள்,
பின் ஸீட் காலியாக இருந்தது.
ரொட்டிக்கடை வேனில் தொற்றிக்கொண்டாள்.
அந்த வருடக் கட்டுரைகளில் மாவு பறக்கிறது என்றார் ஆசிரியர்,
குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ஜெயித்தவனுக்கு ஊரே இருக்கிறது.
இவள் கடைசி ஆளுக்கு நிற்பாள்.
தடுப்புக் கம்பிகளை லாரியில் ஏற்றும் நேரம்,
கருங்கல் பாவிய மேட்டில்
சேற்றுக்குள் பல் மட்டும் தெரிய ஒருவன் வருவான்.
"எந்தக் கல்லில் விட்டுக்கொடுத்தாய்?"

ஏன் என்று கேட்கக்கூடாது என்று எனக்கு ஒருமுறை சொன்னாள்.
ஏன் என்றால் சாட்சி கதை கட்டுவான்.
எங்கே என்று கேள்,
கை தானாக நீளும்.

ஏழு புத்தகம். நாலாவது மட்டும் விற்றது.
ஏழிலும் தேடிப் பார்த்தேன்,
தொண்ணூற்று நாலின் வசந்தம் இல்லை.
வானஸ் டெஸ்காக்ட் தப்பித்த வருடம் அது.
சிறுநீரில் மருந்து இருந்தது.
மாமனார் பந்தயப் புறா வளர்க்கிறார்,
புறா மருந்தும் மாப்பிள்ளையின் இருமல் மருந்தும்
ஒரே அலமாரி, ஒரே நிறச் சீசா
என்று வாதாடினாள் ஒரு வக்கீல்.
சீசாக்களை மேஜைமேல் வைத்து
எது எது என்று நடுவர்களையே கேட்டாளாம்.
சந்தேகத்தின் பலன் கிடைத்தது.
அவன் அவளைக் கட்டிப்பிடிக்கும் படம் எங்கள் ஆவணக் கட்டில் இருக்கிறது.
அவள் கைகள் தொங்குகின்றன.
ஆறு வாரத்தில் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டாள்.

போன மார்ச்சில் வானஸ் செத்துப்போனான்.
ஐம்பத்து மூன்று. மாரடைப்பு.
அறுநூற்று நாற்பது வார்த்தைக்கு இடம் விட்டிருந்தேன்.
பத்தேகால். அவள் சொன்னாள்:
அவன் மேடேறும்போது இருக்கையிலிருந்து எழமாட்டான், காற்புள்ளி,
மழை பிடிக்கும், காற்புள்ளி,
மகளுக்கு ஒரு வாத்துப் பெயர் வைத்துக் கூப்பிடுவான், முற்றுப்புள்ளி.

காரின் மழைத்துடைப்பான் போய்வரும் சத்தம்.
அப்புறம்? என்றேன்.
"என் கட்சிக்காரர்" என்றாள்.
செத்த பிறகுமா?
பதில் இல்லை.
மிச்ச இடத்தில் டயர் விளம்பரம் போட்டேன்.

அடக்கத்துக்கு நான் போனேன், அவள் வரவில்லை.
அதே மாமனார் வீடு. காப்பியும் பன்றி இறைச்சி ரொட்டியும்.
புகைபிடிக்கப் பின்பக்கம் போனேன்.
முட்டைக்கோஸ் மூன்று வரிசை,
சுருட்டிவைத்த ரப்பர் குழாய்,
குழந்தையின் ஒற்றை பூட்ஸ்.
மாமியார் குப்பைக்கூடையோடு வெளியே வந்தார்.
புறாக்கூண்டு எங்கே இருந்தது?
ஒரே கேள்வி. கை தானாக நீண்டிருக்கும்.
கோஸ் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றேன்.
நத்தைத் தொல்லை என்றார்.

அன்று இரவும் பத்தேகால்.
பத்தொன்பது வயதுப் பையனாம், நூற்று முப்பத்தோராவது ஆள்.
தேவாலயத் திருப்பத்தில், இடது ஓரம்,
பிளந்த ஒரு கல்லைக் காட்டினானாம்.
போனாயா என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அடித்துக்கொண்டிருந்தேன்.